அரசின் பணத்தில் சரக்கு விமானம்: ஒப்பந்தத்தில் காணாமல் போன இடஒதுக்கீடு

திருவண்ணாமலை நீதிமன்றத்தில் வழக்காடும் நம்மிடம் வன்கொடுமை வழக்குகளும் பட்டா வழக்குகளும் மட்டும் வருவதில்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், வெல்டர் படித்து முடித்த சேரி இளைஞர்கள், சாதிச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் நெகிழிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். “இந்தக் கம்பெனியில எஸ்.சி. கோட்டா உண்டா சார்?” என்று கேட்கிறார்கள். அப்படி வந்த தண்டராம்பட்டுப் பகுதி இளைஞர் ஒருவர் தன் செல்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினார். குஜராத்தின் வதோதராவில் விமானப்படைக்கான சரக்கு விமானங்கள் கட்டப்படும் தொழிற்சாலையைப் பற்றிய செய்தி அது. “கவர்மென்ட் பிளேன்தானே சார், கவர்மென்ட் பணம்தானே?” என்றார்.

இரண்டுக்கும் ‘ஆம்’ என்பதே விடை. ஆனால், ‘அப்படியானால் எனக்கு அங்கே ஒதுக்கீடு உண்டா’ என்ற மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. முதலிரண்டு விடைகளுக்கும் மூன்றாவது விடைக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இராணுவக் கொள்முதல் தலித் அரசியலின் கவலையில்லை என்று நாம் நெடுங்காலமாக ஒதுங்கி இருந்துவிட்டோம். ஒன்றிய அரசு மிகப் பெருந்தொகையைச் செலவிடும் துறைகளுள் ஒன்றிலிருந்து சமூகநீதி ஓசையின்றி வெளியேற்றப்படுவதற்கு அந்த ஒதுங்கலும் ஒரு காரணம்.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

2021 செப்டம்பர் 8 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு 56 சி-295 போக்குவரத்து விமானங்களை வாங்க ஒப்புதல் அளித்தது. செப்டம்பர் 24 அன்று ஏர்பஸ் நிறுவனத்தின் ஸ்பெயின் பிரிவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு ரூ.21,935 கோடி. 16 விமானங்கள் ஸ்பெயினின் செவிய்யா நகரில் முழுமையாகக் கட்டப்பட்டுப் பறந்து வரும். மீதமுள்ள 40 விமானங்களை டாட்டா குழுமம் வதோதராவில் கட்டித்தரும். இந்தியத் தனியார் நிறுவனம் ஒன்று படைக்கான விமானத்தை முழுமையாகக் கட்டும் முதல் திட்டம் இதுவே. முதல் விமானம் 2023 செப்டம்பரில் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. வதோதராத் தொழிற்சாலையை 2024 அக்டோபர் 28 அன்று இந்தியப் பிரதமரும் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செசும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். 2026இல் அங்கிருந்து முதல் விமானமும், 2031 ஆகஸ்டுக்குள் நாற்பதாவது விமானமும் வெளிவர வேண்டும் என்பது கால அட்டவணை.

வேலைவாய்ப்பைப் பற்றியும் ஒன்றிய அரசு கணக்குச் சொல்லியிருக்கிறது. உயர்திறன் வேலைகள் நேரடியாக 600, மறைமுக வேலைகள் 3,000க்கும் மேல், நடுத்தரத் திறன் வேலைகள் மேலும் 3,000 என்று அமைச்சரவை ஒப்புதலின்போது அறிவிக்கப்பட்டது. 13,000க்கும் மேற்பட்ட நுண்பாகங்கள் இந்தியாவிலேயே செய்யப்படும் என்றும், ஏர்பஸ் ஸ்பெயினில் ஒரு விமானத்துக்குச் செய்யும் வேலையில் 96 விழுக்காடு இங்கே செய்யப்படும் என்றும் விரிவாகச் சொல்லப்பட்டது. அந்த வேலைகளில் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் எத்தனை என்பதைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு வரி இல்லை. சட்டப்படி அப்படி ஒரு வரியை எழுத வேண்டிய கட்டாயமும் அரசுக்கு இல்லை என்பதுதான் சிக்கலின் வேர்.

பயணிகள் விமானம் படை விமானமான கதை

வணிகத்துக்காக வடிவமைக்கப்பட்ட விமானங்களைப் படைப் போக்குவரத்துக்கு எடுத்துக்கொள்வது புதிதல்ல. அமெரிக்காவின் டிசி-3 என்ற பயணிகள் விமானம்தான் இரண்டாம் உலகப் போரில் ‘டகோட்டா’ என்ற படை விமானமானது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படையினரை ஏற்றிச் சென்றதில் தனியார் விமான நிறுவனங்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்ட டகோட்டாக்களும் இருந்தன.

அதற்கடுத்து வந்தது ஆவ்ரோ 748. அதுவும் பிரிட்டனில் பயணிகளுக்காக உருவாக்கப்பட்ட சிறு விமானமே. இந்திய அரசு அதைக் கட்டும் உரிமத்தைப் பெற்று, விமானப்படைக்காகவும் இந்தியன் ஏர்லைன்சுக்காகவும் கான்பூரில் கட்டியது. அங்கே பூட்டப்பட்ட முதல் விமானம் 1961 நவம்பரில் பறந்தது. விமானப்படையின் பணிமனையாக இருந்த அந்தத் தொழிற்கூடம், 1964இல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவானபோது அதன் பகுதியானது. சி-295 விமானங்கள் வாங்கப்படுவது இந்த ஆவ்ரோக்களுக்கு மாற்றாகத்தான்.

ஆவ்ரோவைக் கட்டிய தொழிற்கூடம் அரசுடையது. அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பொதுத்துறை நிறுவனமும் ‘அரசு’ என்ற சொல்லுக்குள் அடங்கும் என்பதை 1981ஆம் ஆண்டின் அஜய் ஹாசியா தீர்ப்பு வரையிலான வழக்குகள் நிலைநிறுத்தியுள்ளன. ‘அரசு’ என்றால் 16(4)ஆம் பிரிவு உள்ளே வரும். இடஒதுக்கீடும் உடன் வரும். பட்டியலினத்தவருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு, மண்டல் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. அதன் வழியேதான் விமானத் தொழிற்சாலையின் வாயிலுக்குள் சேரியின் பிள்ளைகள் நுழைந்தார்கள். அவர்களில் பலர் அந்தக் குடும்பங்களில் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெற்ற முதல் தலைமுறையினர்.

பொதுத்துறைக்குக் கதவடைத்த ஒப்பந்தப்புள்ளி

ஆவ்ரோவுக்கு மாற்று வாங்கும் திட்டத்தில் பொதுத்துறை போட்டியிட்டுத் தோற்கவில்லை. போட்டியிடவே அனுமதிக்கப்படவில்லை. 2013இல் வெளியான ஒப்பந்தப்புள்ளியில், வெளிநாட்டு நிறுவனம் தன் இந்தியக் கூட்டாளியாகத் தனியார் நிறுவனத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தனியார்துறையில் விமானம் கட்டும் திறனை வளர்ப்பதே நோக்கம் என்று காரணம் சொல்லப்பட்டது. அன்றைய கனரகத் தொழில்துறை அமைச்சர் பிரஃபுல் படேலே பொதுத்துறையை விலக்கி வைப்பதை எதிர்த்தார். அந்த எதிர்ப்பு நிலைக்கவில்லை. இறுதியில் ஏர்பஸ்–டாட்டா கூட்டணியின் ஒற்றை ஒப்பந்தப்புள்ளி மட்டுமே வந்தது. 2015இல் அதுவே ஏற்கப்பட்டது.

இதில் கட்சி வேறுபாடு இல்லை என்பதையும் நாம் பதிவு செய்ய வேண்டும். விதியை எழுதியது காங்கிரஸ் தலைமையிலான அரசு, கையெழுத்திட்டது பா.ஜ.க. அரசு. அந்த விதி எழுதப்பட்டபோது இடஒதுக்கீடு என்னவாகும் என்ற கேள்வி பொதுவெளியில் ஓங்கி ஒலிக்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2021 செப்டம்பர் 24 அன்று சி-295 ஒப்பந்தம். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1 அன்று, ஆவடியும் திருச்சியும் அருவங்காடும் உள்ளிட்ட 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அடுத்த வாரம், அக்டோபர் 8 அன்று, ஏர் இந்தியாவை டாட்டா குழுமம் ரூ.18,000 கோடிக்கு வாங்குவது அறிவிக்கப்பட்டது. ஏர் இந்தியா கைமாறிய நாள் முதல் அங்கே புதிய பணியமர்த்தலில் இடஒதுக்கீடு கிடையாது. பதினைந்து நாள்களில் மூன்று முடிவுகள். இடஒதுக்கீட்டை நீக்கும் சட்டம் எதுவும் நாடாளுமன்றத்தில் வரவில்லை. வந்திருந்தால் நாடு கொதித்திருக்கும். சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அது செல்லுபடியாகும் நிலப்பரப்பு மட்டும் சுருக்கப்பட்டது.

வேலையில் ஓர் இழப்பு, வணிகத்தில் ஓர் இழப்பு

முதல் இழப்பு எல்லோருக்கும் தெரிந்தது: வேலை. 16(4)ஆம் பிரிவு அரசின் கீழுள்ள பணிகளுக்கு மட்டுமே பொருந்தும். தனியார் நிறுவனம் தன் உற்பத்தி முழுவதையும் அரசுக்கே விற்றாலும், அதன் வருவாயில் ஒவ்வொரு ரூபாயும் கருவூலத்திலிருந்தே வந்தாலும், அது ‘அரசு’ ஆகிவிடாது.

இரண்டாவது இழப்பு அதிகம் பேசப்படாதது: வணிகம். 2012ஆம் ஆண்டின் குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணையின்படி, ஒன்றிய அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும். மொத்தக் குறு, சிறு நிறுவனங்களுக்கான 20 விழுக்காடு பின்னர் 25 ஆக உயர்ந்தபோதும் இந்த 4 உயரவில்லை.

இந்த 4 விழுக்காடும் மூன்று இடங்களில் கசிகிறது. முதலாவது, படைக்கல இறக்குமதி இந்தக் கணக்கிலேயே சேராது. ஆயுத அமைப்புகள், ஏவுகணைகள் போன்றவையும் கொள்கைக்கு வெளியே என்று ஆணையே சொல்கிறது. இரண்டாவது, பட்டியலின, பழங்குடி நிறுவனங்கள் ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்கவில்லை என்றாலோ விலையில் ஈடுகொடுக்க முடியவில்லை என்றாலோ அந்தப் பங்கைப் பிற சிறு நிறுவனங்களைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம். மூன்றாவது, ஆணை கட்டுப்படுத்துவது அரசையும் பொதுத்துறையையும் மட்டுமே. பொதுத்துறை நிறுவனம் விமானத்தின் இருக்கைப் பட்டையையோ தரைத்தகட்டையோ கம்பிக் கட்டையோ வெளியில் வாங்கினால், அந்தக் கொள்முதல் 4 விழுக்காட்டுக் கணக்கின் கீழ் கேள்விக்கு உட்படும். அதையே தனியார் நிறுவனம் வாங்கினால் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

பொதுத்துறையிலேயே இந்த இலக்கு ஒழுங்காக எட்டப்படவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்கள், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பெயரில் ஒதுக்கீட்டைத் தாண்டும் தந்திரம் எனப் பொதுத்துறையின் மீதும் நமக்கு நீண்ட குற்றப்பட்டியல் உண்டு. ஆனால் அங்கே கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பட்டியலினத்தோர் தேசிய ஆணையம் இருக்கிறது, நாடாளுமன்றக் குழு இருக்கிறது, உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை இருக்கிறது. வேலை தனியார் தொழிற்சாலைக்குப் போகும்போது இந்த வாசல்களும் நமக்கு ஏறக்குறைய மூடிப்போகின்றன.

பாதுகாப்பும் தகுதியும்

நாம் விமானம் வாங்குவதை எதிர்க்கவில்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக்கடலில் மறைந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், கடலடியில், அதன் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது 2024 ஜனவரியில்தான். ஏழரை ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன. பழைய வட ஆற்காடு மாவட்டம் தலைமுறைகளாகப் படைக்கு ஆள் அனுப்பிய நிலம். அப்படிப் போனவர்களில் நம் சேரிப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் ஏறும் விமானம் நல்ல விமானமாக இருக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அதனாலேயே ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைக் கொண்டு நம் வாயை அடைப்பதை ஏற்க முடியாது. விமானத்தின் பாதுகாப்பு தரச்சோதனையில் இருக்கிறது. சோதனையிடுபவரின் சாதியில் இல்லை. இதே சி-295 விமானத்தில் பொருத்தப்படும் மின்னணுப் போர்க்கருவிகளை வழங்குவது பாரத் எலெக்ட்ரானிக்ஸ், பாரத் டைனமிக்ஸ் ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள். இடஒதுக்கீடு உள்ள நிறுவனங்கள் செய்த கருவியை நம்பி விமானம் எதிரியின் வான்வெளியை நெருங்கலாம். இடஒதுக்கீட்டில் வந்த ஃபிட்டர் அதன் உடற்பகுதிக்கு ரிவிட் அடிக்கக் கூடாது என்பது என்ன தர்க்கம்?

பொதுத்துறை விமான உற்பத்தியில் காலதாமதம் உண்டு என்பது உண்மை. அதற்குரிய காரணங்களை வடிவமைப்பு மாற்றங்களிலும் வெளிநாட்டு எஞ்சின் வரத்திலும் முதலீட்டு முடிவுகளிலும் தேட வேண்டும். இடஒதுக்கீட்டை அதன் காரணமாகக் காட்டும் ஆதாரத்தை எவரும் முன்வைத்ததில்லை.

தனியார்துறை தானாகவே செய்யும் என்ற வாக்குறுதியும் நமக்குப் புதிதல்ல. 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி தனியார்துறை இடஒதுக்கீட்டைப் பற்றித் தேசிய உரையாடல் நடத்துவதாக உறுதியளித்தது. சட்டம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் தொழில் அமைப்புகள் தன்விருப்ப நடத்தை விதிகளை முன்வைத்தன. டாட்டா குழுமமும் 2007 முதல் அத்தகைய திட்டம் ஒன்றை நடத்துகிறது. பயிற்சியும் கல்வி உதவியும் வரவேற்கத்தக்கவை. ஆனால் விருப்பம் வேறு, உரிமை வேறு. விருப்பத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்க முடியாது.

1941இல் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட ஒரு வரி

அரசு விமானம் வாங்கும்போது சமூகநீதியையும் சேர்த்து வாங்க முடியுமா? முடியும் என்பதற்கு விமானத் தொழிலின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1941இல் அமெரிக்க விமானத் தொழிற்சாலைகள் போருக்காகப் பெருகின. ஆனால் கறுப்பின மக்களுக்கு அங்கே இடமில்லை. பெரிய விமான நிறுவனம் ஒன்றின் தலைவர், கறுப்பினத்தவரைத் துப்புரவுப் பணிக்கு மட்டுமே எடுப்போம் என்று வெளிப்படையாகவே சொன்னார். இந்த வாக்கியம் நமக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரியும். தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப், வாஷிங்டனை நோக்கி மாபெரும் பேரணி நடத்தப்போவதாக அறிவித்தார். பேரணி நடக்குமுன்பே, 1941 ஜூன் 25 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் 8802ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். இனிச் செய்யப்படும் ஒவ்வொரு படைக்கொள்முதல் ஒப்பந்தத்திலும், பாகுபாடு காட்டக்கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட வேண்டும் என்றது அந்த ஆணை. போர்த்தொழில்களில் 1942இன் தொடக்கத்தில் சுமார் 3 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவரின் பங்கு 1944இல் சுமார் 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆணை மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. ஆள் பற்றாக்குறையும் போராட்டமும் சேர்ந்தே செய்தன. ஆனால் போராட்டம் பற்றிக்கொள்ள ஒரு பிடிமானத்தை ஒப்பந்தத்தின் அந்த வரி கொடுத்தது.

1965இல் அதிபர் ஜான்சன் பிறப்பித்த ஆணை அதை நேர்மறை நடவடிக்கையாக விரித்தது. அறுபது ஆண்டுகள் நின்ற அந்த ஆணையை 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ஒரே கையெழுத்தில் நீக்கினார். நாம் கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு: ஒப்பந்தத்தின் வழியே சமூகநீதி சாத்தியம், நிர்வாக ஆணையாக மட்டும் இருந்தால் அது நிலைக்காது, சட்டமாக வேண்டும்.

நம் மண்ணிலும் அதே காலத்தில் அதே முயற்சி நடந்தது. தனியார் முதலீட்டில் 1940இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் நிர்வாகத்தை 1942இல் அரசு தன் கையில் எடுத்தது. அதே ஆண்டு வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராகப் பொறுப்பேற்ற அண்ணல் அம்பேத்கர், பட்டியலினத்தவருக்கு அரசுப் பணிகளில் 8.33 விழுக்காடு ஒதுக்கீட்டை 1943இல் பெற்றுத் தந்தார். போர்க்காலம், அவசரம், பாதுகாப்பு என்ற எந்தச் சொல்லும் அன்று அவரைத் தடுக்கவில்லை.

பாகத்தின் பிறப்பிடத்தைக் கேட்கும் ஒப்பந்தம்

‘வணிக ஒப்பந்தத்தில் சமூக நிபந்தனையைத் திணிக்கலாமா?’ என்று கேட்பார்கள். படைக்கொள்முதல் ஒப்பந்தம் ஒருபோதும் வெறும் வணிக ஒப்பந்தமாக இருந்ததில்லை என்பதே நம் பதில். எத்தனை விழுக்காடு உள்நாட்டுப் பாகங்கள் என்று அது கேட்கிறது. இடைத்தரகரும் கையூட்டும் இல்லை என்று உறுதிமொழி கேட்கிறது. ஆஃப்செட் எனப்படும் ஈட்டுக் கடப்பாட்டின்படி, பெரிய கொள்முதல்களில் வெளிநாட்டு விற்பனையாளர் ஒப்பந்த மதிப்பின் குறிப்பிட்ட பங்குக்கு, பொதுவாக 30 விழுக்காட்டுக்கு, இந்தியாவில் முதலீடோ கொள்முதலோ செய்ய வேண்டும். 2012ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களின்படி, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களைக் கூட்டாளியாக்கினால் அந்தத் தொகை ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். அதாவது, வலுவற்றவருக்குக் கூடுதல் எடை கொடுக்கும் முறை இந்தத் துறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு திருகாணியும் எங்கே பிறந்தது என்று கேட்கும் ஒப்பந்தத்துக்கு, அதை முடுக்கும் கைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பது மட்டும் எப்படி இயலாததாகும்?

இந்தக் கடப்பாடுகளைக் கண்காணிப்பதிலும் ஓட்டை இருக்கிறது. 2018 டிசம்பருக்குள் வெளிநாட்டு விற்பனையாளர்கள் நிறைவேற்றியிருக்க வேண்டிய ரூ.19,223 கோடி ஈட்டுக் கடப்பாட்டில் ரூ.11,396 கோடிக்கே நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டப்பட்டுள்ளது என்று இந்தியக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2020இல் சுட்டிக்காட்டியது. எழுதினால் மட்டும் போதாது, எண்ணிப் பார்க்கவும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

அரசமைப்புச் சட்டமும் தனியார் வாசலில் நின்றுவிடும் சட்டம் அல்ல. 93ஆம் திருத்தத்தின் வழியே வந்த 15(5)ஆம் பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் கல்வி நிறுவனங்களுக்குள்ளும் இடஒதுக்கீட்டைக் கொண்டுசெல்ல வழிசெய்தது. 2014இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2002இல் போபால் பிரகடனத்தை ஒட்டி, மத்தியப் பிரதேச அரசு தன் கொள்முதலில் 30 விழுக்காட்டைப் பட்டியலின, பழங்குடி வணிகர்களிடமிருந்து பெறும் கொள்கையை அறிவித்தது. கர்நாடகம் தன் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட மதிப்புக்கு உட்பட்ட அரசுப் பணிகளில் 17.15 விழுக்காட்டைப் பட்டியலின ஒப்பந்ததாரர்களுக்கும் 6.95 விழுக்காட்டைப் பழங்குடி ஒப்பந்ததாரர்களுக்கும் ஒதுக்கியது. சமூகநீதியின் தாயகம் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாட்டில், 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு இப்படி ஒரு திருத்தத்தை நாம் இன்னும் பெறவில்லை.

நிலம் எடுக்கும்போது மட்டும் ‘அரசு’

வதோதரா வெகுதூரம் என்று நினைக்க வேண்டாம். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து முனைகள் உள்ளன. திருவண்ணாமலை அதில் ஒரு முனை அல்ல. ஆனால் ஓசூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகும் பேருந்துகள் நிரம்புவது நம் ஊர்களிலிருந்துதான்.

தொழிற்பேட்டை என்றால் என்ன என்பதும் நம் மாவட்டத்துக்குத் தெரியும். செய்யாறு அருகே மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்காக 3,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை எடுக்க முனைந்தபோது, 2023இல் உழவர்கள் நூறு நாள்களைக் கடந்து போராடினார்கள். அவர்களில் எழுவர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் ஏவப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பின் அறுவர் மீதான ஆணையை அரசு திரும்பப் பெற்றது. தொழிலுக்காக நிலம் எடுக்க அரசின் கையில் 1997ஆம் ஆண்டின் தனிச்சட்டமே இருக்கிறது. நிலத்தை எடுக்கும்போது அரசு தன் இறையாண்மை முழுவதையும் கொண்டு வருகிறது. அந்த நிலத்தில் எழும் ஆலையில் வேலை கேட்கும்போது ‘அது தனியார் விவகாரம்’ என்று விலகிக்கொள்கிறது. கருவூலப் பணத்துக்கு நேர்வதும் இதுவே.

இப்போது செய்யக்கூடியவை

இந்தக் கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் இருக்கிறது. 18 முதல் 30 டன் வரை சுமக்கும் நடுத்தரப் போக்குவரத்து விமானங்களை வாங்குவதற்கான தகவல் கோரிக்கையை விமானப்படை 2022 இறுதியில் வெளியிட்டது. அதற்காகப் பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியத் தனியார் குழுமங்களுடன் கைகோத்துள்ளன. சி-295ஐ விடப் பெரிய விமானங்கள், பெரிய தொகை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அழுது பயனில்லை. விதிகள் எழுதப்படும்போதே நம் குரல் அங்கே இருக்க வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை. முதலாவதாக, இனிவரும் எந்த விமானக் கொள்முதலிலும் பொதுத்துறை போட்டியிடுவதைத் தடுக்கும் விதி கூடாது. இரண்டாவதாக, அரசுக்காகவே உற்பத்தி செய்யும் ஆலைகளில் பணியாற்றுவோரின் சமூகப் பிரிவு விவரத்தை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கும் கடமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். மூன்றாவதாக, 4 விழுக்காட்டுக் கொள்முதல் கடமை முதன்மை ஒப்பந்ததாரரையும் கட்டுப்படுத்த வேண்டும். போக்குவரத்து விமானத்தின் ஆயுதமல்லாத பாகங்களைப் ‘படைக்கலம்’ என்ற விலக்குக்குள் ஒளிக்கக் கூடாது. நான்காவதாக, பட்டியலின, பழங்குடி நிறுவனங்களைக் கூட்டாளியாக்குவோருக்கு ஈட்டுக் கடப்பாட்டில் கூடுதல் எடை தரப்பட வேண்டும். ஐந்தாவதாக, தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசுக்காகக் காத்திராமல், வழித்தடத்திலும் சிப்காட்டிலும் நிலமும் சலுகையும் பெறும் ஆலைகளுக்கு வேலைவாய்ப்பு நிபந்தனையை விதிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும். இன்றே கையிலெடுக்கக்கூடிய ஒரு சட்டம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் 3அ பிரிவு, குறிப்பிட்ட தொழிற்பிரிவுகள் ஒவ்வொன்றிலும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்று வேலையளிப்போரைக் கட்டாயப்படுத்துகிறது. இது தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். 30 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது சட்டத்தின் குறை. ஆனாலும் தனியார் ஆலையின் வாயிலுக்குள் இடஒதுக்கீடு ஏற்கெனவே நுழைந்துவிட்டது என்பதற்கு இந்தப் பிரிவே சான்று. பழகுநர் பயிற்சியைக் கண்காணிக்கும் அலுவலர்கள் அரசு அலுவலர்கள். அவர்களிடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கணக்குக் கேட்கலாம். எந்த ஆலையில் எத்தனை பழகுநர்கள், அவர்களில் பட்டியலினத்தவர் எத்தனை பேர் என்ற கேள்வியை ஓசூரிலிருந்தும் செய்யாறிலிருந்தும் தொடங்குவோம். ஐ.டி.ஐ. முடித்த நம் இளைஞர்கள் இந்தப் பிரிவின் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

2023 ஜனவரி 30 அன்று, தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், தலைமுறைகளாகத் தடுக்கப்பட்டிருந்த தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் நுழைந்தார்கள். மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன் நின்றார்கள். அந்தக் கோவில் இந்து சமய அறநிலையத்துறையின் கீழ் இருந்தது. அதாவது, அங்கே ‘அரசு’ இருந்தது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நம் மக்கள் உள்ளே போனார்கள். கோவிலில் சாதி சொல்லித் தடுத்தார்கள். தொழிற்சாலையில் எவரும் சாதியைச் சொல்வதில்லை. ‘இங்கே அரசு இல்லை’ என்று மட்டும் சொல்கிறார்கள்.

அரசின் பணம் இருக்கும் இடத்தில் அரசும் இருக்கிறது. தண்டராம்பட்டிலிருந்து வந்த அந்த இளைஞரிடம் 3அ பிரிவின் கீழ் விண்ணப்பிக்கும் முறையை விளக்கி அனுப்பினோம். அவருடைய மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லும் சட்டத்தை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.